நான் சொன்ன அளவு

மகன்,

நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்க மாட்டேன். போன கிழமை போனில் நீ பேசியதைவிட இருமியதுதான் அதிகம். ஆனாலும் நீ சொன்ன செய்தி விளங்கியது. கட்டாரில் உன் வேலை முடிந்துவிட்டது. தைக்குப் பிறகு மனைவியோடு நம் ஊர் கீரிக்கே வந்துவிடப் போகிறாய். வீட்டின் பக்க அறையில் இருக்கும் லேத்தை, அப்பாவின் அந்தக் கடைசல் மெசினை, வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறாய். "அம்மா, அந்த மெசின் இப்ப எப்பிடி இருக்கு, என்னென்ன பாக்க வேணும் எண்டு ஒருக்கா எழுதி அனுப்புங்கோ" என்று கேட்டாய். எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. கொண்டுவருகிறவர் படித்தாலும் படிக்கட்டும். உன் மனைவி உனக்கு முன்னரே படித்தாலும் நல்லது. காரணம் போகப்போக விளங்கும்.

லேத் நன்றாக இருக்கிறது. கட்டாரில் நீ பழகிய பெரிய மெசின்களை நினைத்துக்கொண்டு வராதே. அவை மூடிய கொட்டகைக்குள் நின்றவை. இது மேசைமேல் நிற்கும் சின்ன மெசின், கடலுக்கும் இதற்கும் நடுவில் நான்கு பனையும் ஒரு வேலியும்தான். ஒரு நாள் துடைக்காமல் விட்டால், மறுநாள் காலை அதன் நீளமான இரும்புப் படுக்கையில் தேயிலைச் சாயம் போலத் துரு நிற்கும். வேலை முடிந்ததும் இரும்புச் சீவல்களைத் தூரிகையால் தட்டு. கையால் தட்டினால் என்ன ஆகும் என்று உன் இடது பெருவிரலைப் பார்த்துத் தெரிந்துகொள். பிறகு பருத்தித் துணியால் துடைத்து மெல்லிய மெசின் ஒயில் பூசு. தேங்காயெண்ணெய் பூசாதே. ஒரு முறை ஒயில் முடிந்ததென்று உன் அப்பா அதைப் பூசினார். ஒரு மாதத்தில் பிசினாகி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவித்தான் வெட்டுக்கத்தி வண்டியை நகர்த்தினோம். பிளாஸ்ரிக் விரிப்பால் மூடாதே, உள்ளே வியர்க்கும். அப்பாவின் பழைய வேட்டிகள் நான்கு வைத்திருக்கிறேன், அவற்றால் மூடு. சோளகம் வீசும் மாதங்களில் மேற்கு யன்னலைத் திறக்காதே. பறந்துவரும் மணல் ஒயிலில் விழுந்தால் அந்தக் கூழ் இரும்பையே அரைத்துவிடும். பின்னேரம் எல்லா வீடுகளிலும் கறண்ட் இழுக்கும்போது மோட்டர் முனகும், அதற்கு முன் வேலையை முடி. குறுக்கு வண்டியின் கைப்பிடியில் கால் சுற்றுத் தளர்வு இருக்கிறது. அளவைத் தாண்டிவிட்டால் சும்மா திருப்பிவிட்டுச் சரி என்று நினைக்காதே. நன்றாகப் பின்னால் வந்து மறுபடி அதே பக்கத்தால் போ. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்த பிள்ளைக்கும் மறுபடி சொல்வது என் பழக்கம், அது உனக்குப் பிடிக்காது என்பதும் தெரியும்.

ஆகவே மெசினில் குறை இல்லை. குறை உன் பெயரில் இருக்கிறது. இந்தக் கரையில் பத்து வருடத்துக்குப் பிறகும் யாரும் உன்னிடம் ஓர் ஆணியைக்கூடக் கடையத் தரமாட்டார்கள். தன் பம்பை, தன் எஞ்சினை, தன் உயிரை உன் கையில் தர யாருக்கும் துணிவில்லை. நீ வந்து அறையைக் கூட்டி, மெசினுக்கு ஒயில் போட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருப்பாய். தானாக ஒருவரும் வரமாட்டார்கள். அதை நீ வந்து தெரிந்துகொள்வதைவிட இங்கே படித்துத் தெரிந்துகொள்.

நம் வீட்டின் வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். வெட்டுகிறவர் அளக்கக் கூடாது, அளக்கிறவர் வெட்டக் கூடாது. அது எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. நான் கன்னியர் மடத்தில் படித்தவள். தையல் வகுப்பில் சிஸ்ரர் எங்கள் தையலின்மேல் அடிமட்டத்தை வைத்து எண்ணுவார். ஓர் அங்குலத்துக்கு ஒரு தையல் குறைந்தால் முழு ஓரத்தையும் பிரிக்கச் சொல்வார். அழுதுகொண்டு பிரிப்பவர்களுக்கு இன்னொரு துணியும் கிடைக்கும். நான் அழுததில்லை. அப்படிப் படித்தவளை லேத்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், அவருடைய கையில் எப்போதும் கறுப்பு ஒயில் இருந்தது, நான் முதல் மாதம் முழுவதும் அவருக்குச் சாப்பிடத் தனிப் பீங்கான் வைத்தேன். அந்த வருடம் இலுப்பைக்கடவையிலிருந்து ஒரு கமக்காரர் வயலுக்கு நீர் இறைக்கும் ஒரே பம்புக்கு மூன்று தரம் வந்து போனார். மூன்று தரமும் அப்பா அளந்து சரி என்றார், மூன்று தரமும் அளவு பிழையானது. நான் அவர் அளந்த கருவியை, வேர்னியரை, அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்துச் சிரித்தேன். அவர் கோபிக்கவில்லை. "வெட்டுறவனுக்கு வேலை முடிஞ்சாக் காணும், போதும் எண்டு இருக்கும். அவன் விரும்பினதுதான் அவன்ர கண்ணுக்குத் தெரியும். இனி நீ பாத்துச் சொல்லு, நான் வெட்டுறன்" என்றார். அன்றிலிருந்து அவர் இறக்கும்வரை அளவு நான் சொன்னதுதான். அவருக்குப் பிறகு கைப்பிடியை நீ பிடித்தாய், வேர்னியர் என் கையிலேயே இருந்தது.

அந்த வேர்னியரை வைத்து நான் உனக்குச் செய்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பதினான்கு வயதில் நீ என் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்குப் பித்தளையில் இரண்டு மெழுகுதிரித் தாங்கிகள் கடைந்து தந்தாய். நான் அளந்தேன். ஒன்று மற்றதைவிட அரை மில்லிமீற்றர் கட்டை. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். நான் கட்டையானதன் கீழே மடித்த கடதாசித் துண்டொன்றை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, வீட்டுப் பீடத்தில் நிறுத்தினேன். வருகிறவர்கள் எல்லோரும் அது என்ன கடதாசி என்று கேட்டார்கள். எல்லோருக்கும் சொன்னேன். நீ ஒரு வருடம் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாய். உன்னைத் திருத்துகிறேன் என்று நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு அதில் ஒரு சுகம் இருந்தது.

இனி, பத்து வருடத்துக்கு முந்திய என் கண்கள். அறுபது தாண்டியும் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறவள் என்று கோயிலில் என்னைக் காட்டிப் பேசுவார்கள். ஞாயிறு வாசகத்தை நான் பீடத்தருகே நின்று, புத்தகத்தைத் தள்ளிப் பிடித்து, ஒரு சொல் தடுக்காமல் வாசிப்பேன். சனிக்கிழமை முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துவிட்டுத்தான் போனேன் என்பது ஒருவருக்கும் தெரியாது. புத்தகத்தில் எனக்குத் தெரிந்தது வெள்ளையும் கறுப்புமான ஒரு புகைதான். கண் கிளினிக்குக்குப் போகச் சொல்லி நீ இரண்டு தரம் சொன்னாய். உன் வேலையைப் பார் என்றேன்.

அந்த நிலையில்தான் மீன்பிடிக்கிற சலீம் நாநாவின் தண்டு வந்தது. அவர் படகில் கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்ப்பிக்கும் பம்பின் தண்டு, ஒரு சாண் நீளம். பெயாரிங் இரண்டு பக்கமும் அதன்மேல் இறுக்கமாக ஏற வேண்டும், மரச் சுத்தியலால் தட்டித்தான் ஏற்ற வேண்டும். நீ கடைந்துகொண்டு வந்தாய். நான் அளந்தேன். வேர்னியரில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு ஐந்தாறு கோடுகள் ஒன்றாகப் பொருந்துவது போலத் தெரிந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு, இன்னும் பத்தில் ஒரு மில்லிமீற்றர் எடுக்க வேண்டும் என்றேன். நீ மெசினை நிறுத்தினாய்.

"அம்மா, இன்னொருக்காப் பாருங்கோ. எனக்குக் காணும் போலக் கிடக்கு, இனி எடுக்கத் தேவையில்லை."

"நீ வெட்டுறவன். வெட்டு."

வெட்டினாய். மறுபடி அளந்தேன், நான் எதிர்பார்த்த கோடு பொருந்தியது. சரி என்றேன். பின்னேரம் சலீம் நாநா புதுப் பெயாரிங்குகளோடு வந்து, அங்கேயே நின்று ஒன்றைத் தண்டில் வைத்துப் பெருவிரலால் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போனது. அவருக்குச் சந்தோசம். "கையாலேயே போகுது அக்கா, சுத்தமான வேலை" என்றார். கையால் போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நீ வாயைத் திறக்கப் போனாய். நான் முந்திக்கொண்டு, நல்லாக் கடைஞ்சா அப்பிடித்தான் நாநா, என்றேன். அந்த இடத்தில் என்னை நிறுத்த யாரும் இருக்கவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் புதுக் கம்பி ஒன்றும் அரை நாள் வேலையும்தான் போயிருக்கும்.

வாடைக்காற்று தொடங்கியிருந்த நேரம். கடலில் பெயாரிங் தண்டின்மேல் சுழன்று சூடேறி, பம்பு இறுகி, எஞ்சின் நின்றது. காற்று படகை இரண்டு நாள் தள்ளிக்கொண்டுபோய் இந்தியக் கரையில் விட்டது. எல்லை தாண்டியதற்காக நான்கு மாதம் அங்கே சிறை. சலீம் நாநா திரும்பி வந்தார், படகு வரவில்லை. வந்த மறுநாள் நம் முற்றத்தில் நின்று, இடுப்பில் முடிந்திருந்த சீலைத் துண்டை அவிழ்த்து அந்தத் தண்டை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். கடலில் பம்பைக் கழற்றியபோது எடுத்து வைத்திருக்கிறார். அயலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவர் சிறையில் இருந்தபோது அவருடைய தாய் இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. அவர் சத்தம் போடவில்லை.

"என்ர உம்மாட மையத்துக்கு நான் இல்லை. இதை ஆர் வெட்டினது?"

நீ என்னைப் பார்த்தாய். நான் சொன்னேன், "மகன்தான் வெட்டினவன்."

அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை என்று பத்து வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மடத்தில் படித்தவளுக்கு உண்மையை வைத்தே பொய் சொல்லத் தெரியும். அது போதாதென்று உன் பக்கம் திரும்பி, கண்ணை எங்க வச்சுக்கொண்டு வெட்டினனீ, என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். நீ "ஓம், நான்தான் வெட்டினனான்" என்று மட்டும் சொன்னாய். அடுத்த மாதம் கட்டாருக்குப் போனாய்.

நீ போய் மூன்று மாதம் கழித்துத்தான் நான் கிளினிக்குக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வெட்டி எடுத்து, கண்ணாடியும் தந்தார்கள். வீட்டுக்கு வந்து, முகம் கழுவ முன்னர், சலீம் நாநா விட்டுப்போன அந்தத் தண்டை அலுமாரியிலிருந்து எடுத்தேன். ஒரு முனை சுழன்று தேய்ந்திருந்தது. மற்ற முனை தேயவில்லை, நீ விட்டது விட்டபடி மின்னியது. அதை அளந்தேன். பதினேழு மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு தசம் ஒன்பது. நான் சொன்ன அந்தப் பத்தில் ஒன்றை நீ மிகச் சரியாக எடுத்திருந்தாய், ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எடுக்கும்முன் அது சரியான அளவில் இருந்திருக்கிறது. தண்டைச் சுற்றி உள்ளே வைத்துவிட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். நல்ல பசி.

பிறகும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் பொறுமையின்மையைச் சொன்னேன், அயலவரைப் பற்றிப் பேசியதைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. அளவும் வெட்டும் இரண்டையும் நானே செய்யத் தொடங்கினேன், அப்பாவின் வழக்கத்தை மீறி. கண்ணாடியோடு, மூன்று தரம் பார்த்து. பத்து வருடத்தில் ஒரு பிழை இல்லை. கொண்டச்சியிலிருந்தும் பம்பு கொண்டுவந்தார்கள். மகன் கெடுத்த பேரை இந்த மனுசி தனியாக நின்று காப்பாற்றினாள் என்று என் காது கேட்கவே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. தலையைச் சற்றுக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

உன்னையும் விடமாட்டேன். நீ வாய் திறக்காமல் போனதைப் பெரிய தியாகம் என்று உன் மனைவி நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நீ எனக்குத் தண்டனை தந்தாய். ஒவ்வொரு மாதமும் போனில் சாப்பிட்டீங்களோ, மருந்து எடுத்தீங்களோ என்று கேட்டாய். ஒவ்வொரு வருடமும் வாசனைச் சவர்க்காரமும் பாதாம் பருப்பும் அனுப்பினாய். ஒருநாளும் அந்தத் தண்டைப் பற்றிக் கேட்கவில்லை. நானாக வாய் திறக்கும்வரை காத்திருந்தாய். பிடிவாதத்தில் நீ என் பிள்ளை. போன கிழமை மட்டும், "இலக்கம் காட்டுற வேர்னியர் ஒண்டு கொண்டுவாறன் அம்மா, இனி ஆரும் கோடு பாக்கத் தேவையில்லை" என்றாய். மிக மெதுவாகத்தான் சொன்னாய். எனக்குக் கன்னத்தில் விழுந்தது.

அதனால் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடியும் நேரம் பார்த்து, ஓட்டோ பிடித்துச் சலீம் நாநாவின் வீட்டுக்குப் போனேன். இந்தப் பத்து வருடத்தில் நான் அந்த வாசலுக்குப் போனதில்லை. அவருடைய மனைவி கதிரை போட்டுப் பிளேன்ரீ ஊற்றித் தந்தார். மகன்மார் மூவரும் நின்றார்கள். நான் அவர்களைப் போகச் சொல்லவில்லை. தண்டை மேசையில் வைத்து, அளவு நான் சொன்னது, பிழை என்னுடையது, மகன் இன்னொரு தரம் பார்க்கச் சொன்னான், நான் பார்க்கவில்லை என்றேன். எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டார். பத்து வருடம் என்றேன். அவர் தண்டைக் கையில் எடுத்து உருட்டினார்.

"பொடியன் ஏன் சொல்லேல்ல?"

"நான் பக்கத்தில நிண்டனான்."

அவருடைய மூத்த மகன் சிரித்துவிட்டான். சிரிப்பு வந்ததற்குக் காரணத்தைச் சலீம் நாநாவே சொன்னார். இந்தப் பக்கத்துக் கரையில் ஏதாவது தளர்வாக ஆடினால், நட்டோ, துடுப்போ, பல்லோ, அதற்கு உன் பெயரைத்தான் சொல்வார்களாம். சின்னப் பிள்ளைகளும் சொல்கிறார்களாம். அந்தப் பெயர் யாருடையது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. "நானும் சொல்லியிருக்கிறன் அக்கா. இவனுகளுக்கு வேலை படிப்பிக்கேக்க, அவனைப் போல வெட்டாதீங்கடா எண்டு." அதைச் சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்தார். எனக்காகத் துடைக்கவில்லை. பிறகு, "பொடியன் வரட்டும். முதல் வேலை நான் தாறன். ஆனா நீங்க அளக்கப்படாது" என்றார். ஓம் என்றேன். என் வாழ்க்கையில் ஒருவர் சொன்ன நிபந்தனைக்கு விவாதிக்காமல் ஓம் சொன்னது அதுதான் முதல் தடவை. பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கரை முழுவதும் தெரிந்துவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தபோது பேசியவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் என் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்கள். வாசகம் வாசிக்க இனி இளம் பிள்ளைகளுக்கும் இடம் கொடுப்போம் என்று கோயில் மாதர் சங்கத் தலைவி மிக மரியாதையாகச் சொன்னார். கொண்டச்சிக்காரர் வந்து, அவசரமில்லை அம்மா, பிறகு பார்ப்போம் என்று தன் பம்பைத் தூக்கிக்கொண்டு போனார். நான் பத்து வருடம் பிழையில்லாமல் கடைந்த எதையும் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எனக்கு நான்கு நாள்தான் ஆகிறது.

இதை மன்னிப்புக் கடிதம் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தச் சொல்லை நான் எழுதவில்லை, எழுதினால் நீ உடனே "பரவாயில்லை அம்மா" என்பாய், அதை என்னால் தாங்க முடியாது. நீ வந்தால் கோபமாக வா. முற்றத்தில் நின்று ஏழெட்டுப் பேர் கேட்க என்னைக் கேள். நான் உள்ளே போகமாட்டேன்.

வரும்போது அந்த இலக்கம் காட்டும் வேர்னியரைக் கொண்டுவா. அதை மட்டும் நம்பாதே, அதற்கும் மின்கலம் தளரும். உன் மனைவி அளக்கட்டும். அதற்கு முன் அவளைக் கண் டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு போ, கண் நன்றாகத் தெரிகிறது என்று அவள் சொன்னாலும் கூட்டிக்கொண்டு போ. வெட்டும்போது இன்னொரு தரம் பார் என்று நீ சொன்னால் அவள் பார்க்க வேண்டும். அவள் சொன்னால் நீ நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் அவளுக்கு நீ சொல்லாதே. இந்தக் கடிதத்தைக் கொடு.

திங்கட்கிழமை சலீம் நாநாவின் மூத்த மகன் வந்தான். என்னோடு பேசவில்லை. தேய்ந்த பம்புத் தண்டொன்றை லேத் மேசையில் வைத்துவிட்டு, உங்கட மகன் வந்தாப் பிறகு சொல்லுங்கோ என்று மட்டும் சொல்லிப் போனான். வேர்னியரும் அதே மேசையில்தான் இருக்கிறது. காலையும் மாலையும் மெசினைத் துடைக்க அந்த அறைக்குப் போகிறேன். தண்டைத் தூக்கி, அதன் கீழே இருக்கும் தூசைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைக்கிறேன். அளக்கவில்லை.

அம்மா